எட்டு வயது மகளுக்குக் கதை கேட்கப் பிடிக்கிறது, புத்தகம் எடுக்கப் பிடிக்கவில்லை: வீட்டில் என்ன செய்யலாம்?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மதுரையில் வசிக்கிறோம். என் மகளுக்கு எட்டு வயது. ஆங்கில வழிப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கதை என்றால் அவளுக்கு உயிர். என் மாமியார் இரவில் கதை சொல்லத் தொடங்கினால், "அப்புறம்?" என்றும் "அந்த ராஜா ஏன் அப்படிச் செய்தான்?" என்றும் தூக்கம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பாள். கைப்பேசியில் ஒலிக்கும் கதைகளையும் அசையாமல் உட்கார்ந்து கேட்பாள். ஆனால் அதே கதையைப் புத்தகமாகக் கையில் கொடுத்தால், படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறாள். படிக்கச் சொன்னால் ஆங்கிலத்தை ஓரளவு வேகமாகவும் தமிழை எழுத்துக் கூட்டியும் படிக்கிறாள். இரண்டு பக்கம் முடிவதற்குள் "நீயே வாசித்துக் காட்டம்மா" என்று என்னிடம் நீட்டிவிடுகிறாள்.

வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போதெல்லாம் அவளுக்கென்று ஒரு பை நிறைய வாங்கி வருகிறோம். பள்ளியிலும் வாசிப்புக் குறிப்பேடு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒரு புத்தகம் படித்து, அதன் தலைப்பு, பிடித்த பாத்திரம், கதையிலிருந்து கற்றுக்கொண்ட நீதி ஆகியவற்றை எழுதிப் பெற்றோர் கையொப்பத்துடன் அனுப்ப வேண்டும். அந்த நோட்டை எடுத்தாலே அவள் முகம் வாடிவிடுகிறது.

குடும்பத்தில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கிறது. புத்தகம் ஒன்றுக்குப் பத்து ரூபாய் என்று உண்டியலில் போட்டால் தானாகப் படிப்பாள் என்கிறார் மாமனார். எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னமும் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தால் சொந்தமாகப் படிக்கும் பழக்கம் எப்படி வரும் என்று கேட்கிறார் என் கணவர். முதலில் ஆங்கிலத்தில் நன்றாகப் பழகட்டும், தமிழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் தங்கையின் யோசனை. மூவரும் அவள்மீது உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மதிப்பெண்ணுக்காக அன்றி, புத்தகத்தின் மேல் அவளுக்கு ஆசை வர வேண்டும் என்பதுதான் என் விருப்பம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரும்பலகை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கு நெடுங்காலம் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். வாசித்துக் காட்டுவதை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

எட்டு வயதில் ஒரு குழந்தை காதால் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய கதை வேறு, தானாகப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய கதை வேறு. பாட்டி சொல்லும் கதையில் சூழ்ச்சியும் பொறாமையும் இழப்பும் துணிச்சலும் வருகின்றன. அவளே எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடிய புத்தகத்திலோ, பூனை வந்தது, பால் குடித்தது என்ற அளவில்தான் நிகழ்ச்சிகள் இருக்கும். கதையின் சுவையை நன்றாக அறிந்த பிள்ளைக்கு அந்தப் பூனை போதாது. பெரிய கதையைத் தானே படிக்கலாம் என்றால் கண்ணும் நாவும் இன்னும் அந்த வேகத்துக்கு வரவில்லை. தொடக்கப் பள்ளிக் காலம் முழுவதும் இந்த இடைவெளி இருக்கவே செய்யும். நீங்கள் வாசித்துக் காட்டுவது அந்த இடைவெளியில் அவளுடைய ஆசை வற்றிப்போகாமல் காக்கிறது. ஆகவே, அவள் புத்தகத்தை உங்களிடம் நீட்டுவதைச் சோம்பல் என்று எண்ண வேண்டியதில்லை. அந்தக் கதை அவளுக்கு வேண்டும் என்பதனால்தான் நீட்டுகிறாள்.

தமிழில் இந்த இடைவெளி அதிகமாகத் தெரிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பாட்டி "போயிட்டிருந்தான்" என்று சொல்வதைப் புத்தகம் "போய்க்கொண்டிருந்தான்" என்று எழுதுகிறது. "வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்" என்பது பேசும்போது நமக்கு இரண்டு மூச்சு. படிக்கும் குழந்தைக்கோ அது இரண்டு நீண்ட சொற்கள், அவற்றில் எங்கே பிரித்து எங்கே சேர்ப்பது என்பதே அவளுக்குத் தெரியாது. எழுத்துகளிலும் சிக்கல் இருக்கிறது. 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளைகூட, "கப்பல்", "தங்கம்", "பகல்" ஆகிய மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிப்பதைப் பலமுறை காதால் கேட்டுத்தான் பழக முடியும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. "கொ" என்ற எழுத்தில் குறிகள் இருபுறமும் நிற்கின்றன. "கௌ" என்ற எழுத்தின் கடைசிக் குறி அச்சில் "ள" போலவே தெரிகிறது. பள்ளியில் நாள் முழுவதும் ஆங்கில எழுத்தைப் பார்க்கும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து ஒரு பாடவேளை மட்டுமே கண்ணில் படுகிறது. அவள் தமிழை மெதுவாகப் படிப்பதற்கு இவையே போதுமான காரணங்கள்.

இதனால்தான் வாசித்துக் காட்டும்போது எழுத்துத் தமிழிலேயே வாசிக்க வேண்டும் என்கிறேன். குழந்தைக்குப் புரியாதோ என்ற இரக்கத்தில் பலர் ஒவ்வொரு வரியையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கதை போய்ச் சேரும், ஆனால் புத்தகத் தமிழ் அவள் காதில் விழாமலே போய்விடும். உங்கள் வீட்டில் கதை சொல்லும் பாட்டி இருப்பது பெரும் பேறு. முதல் நாள் பாட்டி ஒரு கதையைத் தம் வழக்கப்படி சொல்லட்டும். மறுநாள் அதே கதையை அல்லது அதைப் போன்ற கதையை நீங்கள் புத்தகத்திலிருந்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டியபடி, குரலில் ஏற்ற இறக்கத்தோடு வாசியுங்கள். கதை முன்பே தெரியும் என்பதால் அவள் மனம் மொழியைக் கவனிக்கும். சில நாள் கழித்து, கதையில் வரும் நரியின் பேச்சை மட்டும் அவளிடம் விட்டுவிடுங்கள். ஒரே புத்தகத்தை மீண்டும் மீண்டும் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்ட வரிகளைத்தான் குழந்தைகள் முதலில் சரளமாகப் படிக்கிறார்கள்.

அவள் படிக்கும்போது ஒரு சொல் தவறினால் உடனே குறுக்கிட வேண்டாம். பொருள் மாறவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மாறிவிட்டால், வரி முடிந்த பிறகு அந்த வரியை நீங்கள் ஒருமுறை இயல்பாக வாசித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

நடுநடுவே பேசுவதும் முக்கியம். 1988இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு பயிற்சி அளித்தனர். ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்விகளைக் கேட்பதும், குழந்தை சொல்லும் அரைகுறைப் பதிலை விரித்துச் சொல்வதுமே அந்தப் பயிற்சி. அப்படி வாசித்த வீடுகளின் குழந்தைகள் ஒரே மாதத்தில் பேச்சுத்திறனில் மற்றவர்களை முந்தினர். உங்கள் மகள் அந்த வயதைக் கடந்துவிட்டாள் என்றாலும், அவள் பாட்டியிடம் கேட்கும் "ஏன் அப்படிச் செய்தான்?" என்பது இதே வகைக் கேள்விதான். அதை நீங்களும் அவளிடம் கேட்கலாம். "இந்தக் கதையின் நீதி என்ன?" என்பதை மட்டும் வீட்டில் கேட்காதீர்கள், அது தேர்வுக்கான கேள்வி.

மொழியைப் பற்றி உங்கள் தங்கை சொல்வதற்கு ஒரே ஒரு மறுப்பு உண்டு. ஆங்கிலம் தானாக வந்துவிடும், ஏனெனில் பள்ளி முழுவதும் அதைக் கொடுக்கிறது. தமிழை நாம் ஒத்திவைத்தால் அதைக் கொடுப்பதற்கு வேறு யாரும் இல்லை. இரண்டும் சேர்ந்தே வளரட்டும்.

கிளைநூலகர் எழுதியது:

ஆசிரியர் அம்மா அவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் பொது நூலகத் துறையில் பணிபுரிபவன் என்பதால், புத்தகத்தை யார் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அவளுக்கென்று ஒரு பை நிறைய வாங்கி வருகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையில் அவளே எடுத்த புத்தகங்கள் எத்தனை என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

சீர்காழியில் பிறந்து உலக நூலகத் துறைக்கே வழிகாட்டிய எஸ். ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பதை நூலக விதிகளாகவே வகுத்தார். எட்டு வயதுப் பிள்ளையும் வாசகர்தான். எங்கள் நூலகத்துக்கு வரும் பெற்றோரில் பலர் குழந்தை எடுத்த புத்தகத்தை வாங்கிப் பார்த்து, "இது சின்னப் பிள்ளைகளுக்கானது" என்றோ "இதில் வெறும் படம்தான் இருக்கிறது" என்றோ சொல்லித் திருப்பி வைத்துவிட்டு, பொது அறிவுப் புத்தகம் ஒன்றைக் கையில் திணிக்கிறார்கள். அந்தப் பிள்ளை அடுத்த முறை அலமாரிப் பக்கமே போகாமல் பெற்றோரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் அடிக்கடி காண்கிறேன். மனம் வருந்துகிறது. தன் வயதுக்குக் கீழான புத்தகத்தை ஒரு குழந்தை விரும்பி எடுத்தால், அதைத் தடையின்றிப் படித்து முடிக்கும் இன்பம் அதற்கு வேண்டியிருக்கிறது என்று பொருள். அந்த இன்பத்தைத் தாராளமாகக் கொடுங்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடிவைக்கும் உரிமையையும் கொடுங்கள்.

உங்கள் ஊரில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. விடுமுறை நாளில் அழைத்துச் சென்று, எந்தக் கட்டளையும் இடாமல், அவள் எடுக்கும் புத்தகங்களோடு உட்காரவிடுங்கள். வீட்டுக்கு எடுத்து வருவதற்கு உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் அவள் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்கிக்கொள்ளலாம். 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி நாம் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. எனவே அந்த நூலகம் உங்கள் பணத்திலும் நடக்கிறது என்பதை நினைவில் வைத்து உரிமையோடு வாருங்கள். குழந்தை நூல்கள் போதவில்லை என்றால் நூலகரிடம் எழுதிக் கேளுங்கள். கேட்கும் வாசகர் இருந்தால்தான் நாங்களும் மேலிடத்தில் கேட்க முடியும்.

மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு, எளிமையிலிருந்து கடினம் வரை படிநிலை குறிக்கப்பட்ட புத்தகங்கள் உதவும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படிநிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன; தரவிறக்கி அச்செடுத்தும் கொடுக்கலாம். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்துக்காக வந்த சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று வகுக்கப்பட்டுள்ளன. ஒரே அமர்வில் முடித்துவிடக்கூடிய அளவில் இருப்பது அவற்றின் சிறப்பு. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படப் புத்தகங்களை வெளியிடுகிறது. ஆங்கிலம் வேகமாக வரும் உங்கள் மகளுக்கு இவை மிகவும் ஏற்றவை, ஏனெனில் ஒரு வரி புரியாவிட்டால் அவளே மற்ற மொழியில் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

வீட்டில் ஒரு சிறு மாற்றம். கண்ணாடி அலமாரியில் முதுகு காட்டி அடுக்கிய புத்தகங்களைக் குழந்தைகள் எடுப்பதில்லை. அவள் கைக்கு எட்டும் உயரத்தில், முகப்பு அட்டை தெரியும்படி ஏழெட்டுப் புத்தகங்களை மட்டும் வைத்து, அவ்வப்போது மாற்றிக்கொண்டிருங்கள்.

கொங்குத்தறி எழுதியது:

இரண்டு பிள்ளைகளின் தந்தை என்ற முறையில், உங்கள் மாமனாரின் பத்து ரூபாய் யோசனையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். 1973இல் அமெரிக்க உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் ஒரு மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தனர். வரைந்தால் சான்றிதழ் தரப்படும் என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் வண்ணப் பேனாக்களை வைத்துவிட்டுப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். விருப்பத்தோடு செய்த ஒன்று கூலிக்குச் செய்யும் வேலையாக மாறியதுதான் காரணம் என்று அவர்கள் விளக்கினர். உங்கள் மகளுக்குக் கதையின் மேல் உள்ள ஆசை உண்மையானது. அதற்கு விலை வைத்தால், மிக மெல்லிய புத்தகத்தை மிக வேகமாக முடிப்பது எப்படி என்பதையே அவள் கற்றுக்கொள்வாள்.

ஆனால் தாத்தாவின் உண்டியலைக் கைவிட வேண்டியதில்லை. படித்தாலும் படிக்காவிட்டாலும் ஞாயிறுதோறும் அவர் அதில் பணம் போடட்டும். அடுத்த புத்தகத் திருவிழாவில் அந்த உண்டியலோடு அவளே கடை கடையாக நடந்து, அட்டையைப் பார்த்து, விலையைப் பார்த்து, தாத்தாவோடு ஆலோசித்து வாங்கட்டும். நூலகர் ஐயா சொன்ன தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதில் அடங்கிவிடும், பெரியவர் மனமும் குளிரும்.

கைப்பேசிக் கதைகளை நான் பகையாகக் கருதவில்லை. காணொளி வேறு, ஒலிக்கதை வேறு. ஒலிக்கதையில் காட்சியை அவள் மனமே உருவாக்க வேண்டியிருக்கிறது. புத்தகம் கேட்கும் உழைப்பும் அதுவே. கேட்கும் கதையின் அச்சுப் பிரதி கிடைத்தால் எதிரில் விரித்து வையுங்கள். இரவு உணவுக்குப் பிறகு சிறிது நேரம் வீட்டில் எல்லாக் கைப்பேசிகளும் ஓரிடத்தில் இருக்கட்டும். பெரியவர்கள் நாளிதழோ பக்தி நூலோ எதையாவது கையில் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் கணவரிடம் இந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா படிப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு அதைப் பற்றி யாரும் உபதேசம் செய்ய வேண்டிய தேவை இருக்காது.

அச்சுமை எழுதியது:

இதுவரை யாரும் படக்கதைகளைப் பற்றிப் பேசாதது எனக்குக் குறையாகத் தோன்றுகிறது. நான் சிவகாசிக்காரன். எங்கள் ஊரிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும், 1984இல் லயன் காமிக்ஸும் வெளிவரத் தொடங்கின. அதற்கு வெகு முன்பே, 1947 ஜூலை முதல், அம்புலிமாமா வீடுதோறும் சென்றுகொண்டிருந்தது. என் தலைமுறையில் புத்தகம் படிக்கிறவர்கள் என்று நான் அறிந்தவர்களில் பெரும்பாலோர் இவற்றில் ஏதோ ஒன்றின் வழியாகவே உள்ளே வந்தவர்கள். "படம் பார்த்துக்கொண்டிருந்தால் படிப்பு வராது" என்று அன்றும் சொன்னார்கள்.

ஆசிரியர் அம்மா பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றி எழுதியதைப் படித்தபோது, படக்கதை அந்தத் தூரத்தில் பாதியைக் குறைத்துவிடுகிறதே என்று எண்ணினேன். அதில் பெரும்பகுதி உரையாடல். ஒரு கூண்டுக்குள் நாலைந்து சொற்களே இருக்கின்றன. யார் எந்த மனநிலையில் பேசுகிறார் என்பதைப் படம் காட்டிவிடுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகூட அடுத்த கட்டத்தில் என்ன நடந்தது என்று அறியும் ஆவலில் அந்த நாலு சொற்களைத் தாண்டிவிடும். ஆயினும் ஒரு எச்சரிக்கை: மொழிபெயர்ப்புக் காமிக்ஸ்களில் பல, துப்பாக்கியும் கொலையும் உள்ள, சற்றே வளர்ந்தவர்களுக்கான கதைகள். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பருவ இதழ் ஒன்றுக்கு அவள் பெயரில் சந்தா கட்டுவதும் நல்லது. சிறுவர் இதழ்களில் பல இன்று அச்சில் இல்லை என்பது பெரிய இழப்பு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் 1987 முதல் வருகிறது. நாளிதழ்களுடன் வரும் சிறுவர் பகுதிகளும் இருக்கின்றன. தன் பெயர் எழுதிய உறையை அஞ்சல்காரர் கொண்டுவந்து கொடுக்கும்போது அதை வேறு யாரையும் பிரிக்கவிட மாட்டாள்.

துணைக்கால் எழுதியது:

நான் கற்றலில் இடர்ப்பாடு உள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர். மேலே சொன்ன எல்லாவற்றோடும் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்: படிக்க விரும்பாத குழந்தைக்கும், படிப்பது கடினமாக இருப்பதால் விலகிப்போகும் குழந்தைக்கும் வெளியே வேறுபாடு தெரியாது. இருவரும் புத்தகத்தை மூடித்தான் வைப்பார்கள்.

முதலில் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் பிடிப்பது, வரி தவறிப் போவது, படித்த சிறிது நேரத்திலேயே தலைவலி என்பது ஆகியவை இருந்தால் தாமதிக்க வேண்டாம். கண்ணில் குறை இல்லை என்றால் வேறு சிலவற்றைக் கவனியுங்கள். ஒரே பக்கத்தில் ஒரு சொல்லை ஓரிடத்தில் சரியாகவும் இன்னோர் இடத்தில் வேறாகவும் படிக்கிறாளா? முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறாளா? வாயால் அழகாகச் சொல்லும் பதிலை எழுதும்போது சிதறிவிடுகிறாளா? தமிழைப் போல எழுத்துக்கும் ஒலிக்கும் பெருமளவு ஒழுங்கான தொடர்பு உள்ள மொழிகளில், படிப்பதில் இடர்ப்பாடு (டிஸ்லெக்சியா) உள்ள பிள்ளைகள் பிழையின்றிப் படித்தாலும் மிக மெதுவாகப் படிப்பார்கள். ஆகவே பிழைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இதைத் தவறவிட்டுவிடுவோம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், ஆங்கிலத்தில் ஓரளவு வேகமாகப் படிக்கிறாள் என்பது நல்ல அறிகுறி. பழக்கக் குறைவே காரணமாக இருக்கலாம். வீட்டில் தொடர்ந்து வாசித்துவந்தும் சில மாதங்களில் இரு மொழிகளிலும் முன்னேற்றம் தெரியாவிட்டால், தகுந்தவர்களிடம் மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். சென்னையில் 1991 முதல் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இந்தத் துறையில் இயங்கிவருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதில் வெட்கப்படவோ மறைக்கவோ எதுவும் இல்லை. அத்தகைய பிள்ளைகளும் கதையை நேசிக்கிறார்கள். ஒலிநூலும் அச்சுநூலும் சேர்த்துக் கொடுத்தால் மகிழ்ச்சியோடு கேட்கிறார்கள். எந்த நிலையிலும் அவளை உறவினர்முன் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லாதீர்கள். "இந்தச் சொல்கூடத் தெரியாதா?" என்ற ஒரு கேள்வி போதும், ஒரு குழந்தை புத்தகத்திடமிருந்து பல ஆண்டுகள் ஒதுங்கிப்போவதற்கு.

வைகைக்கரை எழுதியது:

இத்தனை பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. எல்லாப் பதில்களையும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உண்டியலை ஞாயிறுதோறும் நிரப்ப மாமனார் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். இரவில் நாளிதழோடு உட்கார்வதாகக் கணவரும் சொல்லியிருக்கிறார். கண் பரிசோதனைக்கு நேரம் கேட்டிருக்கிறோம். நகரப் பேருந்தில் போகும்போது "மாட்டுத்தாவணி", "ஆரப்பாளையம்" என்று எதிரே வரும் பேருந்துகளின் பெயர்ப்பலகையை அவள் யாரும் சொல்லாமலே படிக்கிறாள் என்பதையும், அதை இதுவரை நாங்கள் யாரும் படிப்பாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் இப்போதுதான் உணர்கிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் மீதம் இருக்கிறது. பள்ளியின் வாசிப்புக் குறிப்பேட்டை என்ன செய்வது? எழுதாமல் அனுப்பினால் வகுப்பில் அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கரும்பலகை எழுதியது:

வகுப்பு ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள், சகோதரி. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாசிப்பை எப்படிப் பின்தொடர்வது என்று தெரியாமல்தான் பல பள்ளிகளில் இந்த நோட்டைக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற எண்ணம்தான். "இவள் நன்றாகக் கதை சொல்வாள், எழுதுவதற்குப் பதிலாகச் சில வாரங்கள் வகுப்பில் கதையைச் சொல்லட்டுமா, அல்லது பிடித்த காட்சியைப் படமாக வரைந்து அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள். நீங்கள் வாசிக்க அவள் கேட்ட புத்தகத்தையும் படித்த புத்தகமாக ஏற்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள்.

மறுத்தால், அந்த நோட்டை வீட்டுப் பாடங்களோடு சேர்த்து, கணக்கு எழுதும் நேரத்தில், கணக்கு எழுதும் மேசையிலேயே முடித்துவிடுங்கள். அதற்கு அவள் மிகவும் விரும்பும் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சுலபமாக எழுதக்கூடிய ஏதாவது ஒரு சிறு புத்தகம் போதும். நீதி என்ற இடத்தில் அவள் என்ன சொல்கிறாளோ அதையே எழுதட்டும், நீங்கள் திருத்தாதீர்கள். இரவில் நீங்கள் சேர்ந்து வாசிக்கும் புத்தகத்தை மட்டும் ஒருபோதும் அந்த நோட்டில் ஏற்றிவிடாதீர்கள்.